கத்தரிப்பூ நிறத்தில் மக்கள் பங்கேற்பு

பிரசவ ஆஸ்பத்திரியில் அன்று காலை பிறந்த குழந்தை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

டாக்டர் பதறிப்போனார். ஆக்சிஜன் கொண்டுவா என்றார், பெரிய டாக்டரைக் கூப்பிடு என்றார். அவர் போட்ட கூச்சலில் வராந்தாவில் நின்றிருந்த குழந்தையின் அப்பா மயக்கம் போட்டு விழுந்தார். குழந்தை என்னவோ எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி அழுதுகொண்டு, கையைக் காலை உதைத்துக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தது. பெரிய நர்ஸம்மா கொஞ்சம் நிதானக்காரி. ஈரத்துணியை எடுத்துக் குழந்தையின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தாள். நிறம் துணிக்கு வந்துவிட்டது. குழந்தையைச் சுற்றியிருந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஈரம் பட்ட இடமெல்லாம் சாயம் விட்டிருந்தது.

அந்த விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் நேராக வந்து நின்ற இடம், வெள்ளையக்காவின் சலவைக்கடை.

வெள்ளையக்கா என்பது ஆளின் நிறத்தைப் பார்த்து வைத்த பேர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையிலிருந்து வெளியே போகிற துணியைப் பார்த்து வைத்தது. மூன்று மெஷின், ஒரு பெரிய அலசுத் தொட்டி, பின்கட்டில் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டிக் கால்வாய். முன்கட்டில் இஸ்திரி மேஜை. மேஜைக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர். மனுஷன் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் இஸ்திரிப் பெட்டியிடம்தான் பேசுவார்.

"அக்கா, உன்னை நம்பித்தான் தினம் இருநூறு விரிப்பு அனுப்புறோம்," என்றாள் நர்ஸம்மா. "பிள்ளைங்க எல்லாம் கத்தரிக்காய் மாதிரி பொறந்தா நான் என்ன பதில் சொல்றது? அடுத்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வெள்ளை வெள்ளையா வரலைன்னா வேற கடைதான். என் மேல வருத்தப்படாதே."

வெள்ளையக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரி விரிப்பு போய்விட்டால் மூன்று மெஷினில் இரண்டை விற்க வேண்டியதுதான். அவளுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. மூன்று மாதம் முன்னால், கால்வாயின் மேல்பக்கத்துச் சாயப்பட்டறை ஒரு குழாயை நீட்டிவிட்டது. அன்றிலிருந்து கால்வாய் கத்தரிப்பூ நிறம், கிணறும் கத்தரிப்பூ நிறம். பட்டறை முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டும் பார்த்துவிட்டாள்.

"அம்மா, சுத்தம் பண்ற தொட்டி கட்டித்தான் வெச்சிருக்கேன்," என்று அவர் கூசாமல் சொன்னார். "ஓட்டினா கரண்ட் செலவு. சுற்றுச்சூழல் முகமையிலேர்ந்து ஒரு வார்த்தை வந்தா அன்னைக்கே குழாயை மூடிட்டுத் தொட்டியை ஓட்டிடுவேன். அவங்களே ஒண்ணும் சொல்லலை, உங்களுக்கு என்ன?"

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை வாங்கி வந்துவிட்டால் போதும். நர்ஸம்மா போனதும் வெள்ளையக்கா கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"போறாளாம்," என்று வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியிடம் சொன்னார். "போய்ட்டு வரட்டும்."

மாநிலச் சுற்றுச்சூழல் முகமை ஏழு மாடிக் கட்டடம். வாசலில் பிளாஸ்டிக் செடிகள் வரிசையாக வைத்து, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எழுதியும் வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடியில் 'புகார்ப் பிரிவு' என்ற பலகைமேல் வெள்ளையடித்து, 'சமூகப் பங்கேற்புப் பிரிவு' என்று புதிதாக எழுதியிருந்தது. அடித்த வெள்ளை சரியில்லை; பழைய எழுத்து கீழே மங்கலாகத் தெரிந்தது. வெளுப்பு வேலை தெரியாதவன் செய்தது என்று வெள்ளையக்கா மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே குமாஸ்தா பாட்டிலைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"தண்ணி எல்லாம் வாங்கிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைம்மா. கருத்து இருந்தா குடுங்க, வாங்கிக்கறோம்."

"இந்தத் தண்ணிதாங்க என் கருத்து."

குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்ததே இல்லை போலிருக்கிறது. உள்ளே ஓடிப்போய்ப் பங்கேற்பு அதிகாரியை அழைத்துவந்தார். அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ரொம்ப மரியாதைக்காரர். வந்ததும் வராததுமாக வெள்ளையக்காவைப் பார்த்துக் கைதட்டினார்.

"வாங்கம்மா, வாங்க! எத்தனை நாளா உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கோம்!"

வெள்ளையக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"மக்கள்!" என்றார் அதிகாரி, குமாஸ்தாவைப் பார்த்து. "மக்கள் வந்திருக்காங்கய்யா! அட்டையை எடு!"

ஆரஞ்சு நிற அட்டை ஒன்று அவள் கழுத்தில் ஏறியது. 'பங்கேற்கும் குடிமகள்' என்று அதில் அச்சடித்திருந்தது. அப்புறம் ஒரு படிவம். 'கால்வாயை நினைக்கும்போது உங்கள் மனநிலை' என்று தலைப்பு. கீழே மூன்று முகங்கள்: ஒன்று சிரித்தது, அடுத்தது பல் தெரியச் சிரித்தது, மூன்றாவது வாய் கொள்ளாமல் சிரித்தது.

"அழற முகம் இல்லீங்களா?"

"போன வருஷம் இருந்துச்சும்மா. எல்லாரும் அதையே தொட்டாங்க. எடுத்துட்டோம்."

"நான் புகார் குடுக்க வந்தேங்க. ஒரு குழாய்…"

"புகார்ங்கிற வார்த்தையே இங்க இல்லைம்மா," என்றார் அதிகாரி கனிவாக. "புகார் குடுத்தா நாங்க நடவடிக்கை எடுக்கணும். அப்போ நீங்க ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்க்கறவங்களா ஆயிடுவீங்க. அது உங்களுக்கு நாங்க பண்ற அவமரியாதை இல்லையா? பங்கேற்றா, பிரச்சினை கடைசி வரைக்கும் உங்க கூடவே இருக்கும்."

இவ்வளவு அழகாகப் பேசுகிற மனுஷனிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது? அவள் முதல் முகத்தைத் தொட்டுவிட்டு, பாட்டிலோடு திரும்பி வந்தாள். கையில் ஒரு அழைப்பிதழ் இருந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்குக் கலந்தாய்வுக் கூட்டம்.

புதன்கிழமை பதினொரு மணி என்பது, பிழைப்பு உள்ளவன் எவனும் வர முடியாத நேரமாகப் பார்த்து வைத்தது. நாற்பது நாற்காலி, நாலு வட்ட மேஜை, நாற்பது பேருக்கு டீ. மக்கள் என்று வந்து சேர்ந்தது வெள்ளையக்கா ஒருத்தி. அவள் கடையை அரை நாள் மூடிவிட்டு வந்திருந்தாள்.

"வேற யாரும் வரலீங்களே," என்றாள் சங்கடமாக. "அப்போ நான் சொல்லிட்டுப் போயிடட்டுமா? ரெண்டு நிமிஷம்தான்."

"ஐயய்யோ, விதி இருக்கேம்மா. குழு விவாதம் நடந்தே ஆகணும்," என்றார் அதிகாரி. ஒவ்வொரு மேஜைமேலும் ஒரு அட்டை நின்றது: சிறுவணிகர், பெண்கள், கால்வாய்க்கரை வாசிகள், முதியோர். "நீங்க சிறுவணிகர்தானே? பெண்ணும்தான். கரையிலதான் வீடு. அப்புறம் என்ன? மணி அடிச்சதும் மேஜை மாறி உக்காருங்க."

"முதியோர் மேஜையிலயுமா? எனக்கு நாப்பத்தாறுதாங்க ஆகுது."

"முதியோர் யாரும் வரலையேம்மா. அவங்க குரலை நாம கேக்காம விட்டா பாவம் இல்லையா?"

மணி அடித்தது. வெள்ளையக்கா சிறுவணிகர் மேஜையில் தன்னந்தனியாக உட்கார்ந்தாள். பக்கத்தில் குமாஸ்தா குறிப்பேட்டோடு நின்றார். குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவள் தன்னையே தேர்ந்தெடுத்தாள். ஒருமனதாக என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"குழாயை உடனே மூடணும்," என்றாள்.

மணி. பெண்கள் மேஜை. "நான்தான் இப்பவே சொன்னேனே. குழாயை இன்னைக்கே மூடணும்."

மணி. கால்வாய்க்கரை மேஜை. அவளுக்குச் சலித்துவிட்டது. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மூடினாலும் சரிங்க."

மணி. முதியோர் மேஜையில் உட்காரும்போது உண்மையாகவே வயதாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. "ஐயா, நான் சாகறதுக்குள்ள மூடுங்க."

ஒவ்வொரு குழுவாகப் போட்டோ எடுத்தார்கள். நாலு போட்டோவிலும் அவள் ஒருத்திதான். முகம் மட்டும் போட்டோவுக்குப் போட்டோ வாடிக்கொண்டே போயிருந்தது. வருகைப் பதிவேட்டில் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதிகாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். போன வருஷம் இதே கூட்டத்துக்கு வந்தது ஒரே ஆள். அவரும் அறை மாறி வந்த கூரியர்காரர். இந்த வருஷம் நாலு பேர்.

கடைசியில் அதிகாரி எழுந்து முடிவை வாசித்தார். "குழாயை மூடுவது குறித்துச் சிறுவணிகர்கள் 'உடனே' என்கிறார்கள். பெண்கள் 'இன்றே' என்கிறார்கள். கரைவாசிகள் 'மாலைக்குள்' என்கிறார்கள். முதியோர் 'சாவதற்குள்' என்று நீண்ட அவகாசம் தருகிறார்கள். எனவே மக்களிடையே ஆழ்ந்த கருத்து வேறுபாடு நிலவுகிறது."

"எது? யாருக்கும் யாருக்கும்?" என்று வெள்ளையக்கா எழுந்துவிட்டாள். "எல்லாம் நான்தானேய்யா சொன்னேன்!"

"பார்த்தீங்களா, இப்பவே காரசாரமா ஆயிடுச்சு," என்று அதிகாரி குமாஸ்தாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "கவலைப்படாதீங்கம்மா. மக்கள் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் முகமை பொறுமையா காத்திருக்கும். இன்னொரு கூட்டம் போட்டுடலாம்," என்றார்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்த சத்தம் பக்கத்துக் கடைக்குக் கேட்டது.

"ஏங்க, எனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடாம்!"

வீட்டுக்காரர் ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தார். "அது இவ்வளவு நாளா எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான்," என்றார் இஸ்திரிப் பெட்டியிடம்.

அடி வாங்காமல் தப்பித்தார்.

இன்னொரு கூட்டம் நடந்தது. அதற்கப்புறம் ஒன்று. 'சரியாகப் பங்கேற்பது எப்படி' என்று இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்து, அவள் இவ்வளவு நாள் பங்கேற்றதெல்லாம் தப்பு என்று கற்றுக்கொடுத்தார்கள். நடுவில் ஆஸ்பத்திரி விரிப்பை மட்டும் வெள்ளையாக்க அவள் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடி பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அலசினாலும் தினம் முப்பது விரிப்புக்குமேல் தாங்கவில்லை. மீதி நூற்றெழுபதும் கட்டியபடியே கிடந்தன. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. சொல்லச் சொல்லக் கேட்காத அதிகாரிகளை நினைத்து ஒருநாள் தொட்டிக்கரையில் உட்கார்ந்து அழுதும்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை 'கால்வாயோடு ஒரு நடை' என்று வைத்தார்கள். முகமையில் இருந்து இருபது பேர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். கரையோரம் நடந்து, குழாய் வந்ததும் எல்லாரும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். கத்தரிப்பூ நிறத் தண்ணீர் 'தபதப'வென்று கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா, கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்று வெள்ளையக்காவுக்கு உயிரே வந்தது.

"இதாங்க அந்தக் குழாய்! மூடிடுங்க!"

அதிகாரி குழாயை அன்போடு பார்த்தார். "இதையா? அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தக் குழாயை நம்பி ஒரு பிரிவு, மூணு பணியிடம், ஒரு ஜீப், மூணு வருஷத் திட்டம் இருக்கு. மூடிட்டோம்னு வைங்க, நாளைக்கு நீங்க எதுல பங்கேற்பீங்க?"

"நான் என் கடையில துணி தோய்ப்பேங்க."

"அப்படி ஒதுங்கிடக் கூடாதும்மா," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

போவதற்கு முன்னால் குழாய்க்கு மேலே ஒரு பலகை நட்டார்கள். 'மக்கள் பங்கேற்பு முனை' என்று எழுதியிருந்தது. பலகைக்குப் பெயின்ட் அடித்த பிரஷ்ஷைக் கால்வாயிலேயே கழுவினார்கள்.

முப்பதாம் தேதிக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது அதிகாரியே ஜீப்பில் கடைக்கு வந்து இறங்கினார். பின்னால் பெரிய மூட்டை ஒன்று வந்தது.

"அம்மா, நல்ல சேதி! பதினாலாம் தேதி நிறைவு விழா. இயக்குநர் ஐயாவே வர்றார். சிறந்த பங்கேற்பாளர் விருது உங்களுக்குத்தான்! அப்புறம் விதிப்படி, விழா வேலையைப் பங்கேற்கிற மக்கள்கிட்டயே குடுக்கணும். இதோ, அறுபது நாற்காலி உறை. எல்லாம் வெள்ளைத்துணி. தோய்ச்சுத் தரணும்."

வெள்ளையக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் தொழிலில் சூது தெரியாதவள். "ஐயா, அறுபதுக்கும் பம்புத் தண்ணி தூக்க என் தோள்ல தெம்பு இல்லை. என் கிணத்துத் தண்ணியில தோய்ச்சா சாயம் ஏறும். காய்ஞ்சா ஒட்டாது. ஈரம் பட்டா விடும், வேர்த்தாலே விடும். ஒரு பிள்ளையே நிறம் மாறிப் பொறந்திருக்கு. வேற கடையில குடுத்துடுங்க," என்றாள்.

"உங்க கருத்து ரொம்ப மதிப்புள்ளது," என்றார் அதிகாரி. பையிலிருந்து ஆலோசனைச் சீட்டு எடுத்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். பாதியைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். 'மதிப்புமிக்க கருத்து. பரிசீலிக்கப்பட்டது.'

"அப்போ உறையைத் திருப்பி எடுத்துட்டுப் போறீங்களா?"

"அதான் பரிசீலிச்சாச்சேம்மா. ஒரே நிமிஷத்துல பரிசீலிச்ச கருத்து இது, சாதனை! உறையை வியாழக்கிழமை ஆள் வந்து வாங்கிப்பாங்க."

செவிடன் காதில் ஊதின சங்குதான். அவள் தோய்த்தாள். மூன்று மெஷினிலும் போட்டு, நாலு தண்ணீர் அலசி, கொடியில் காயப்போட்டாள். வெயிலில் அறுபது உறையும் இளங்கத்தரிப்பூ நிறத்தில் ஆடின. வியாழக்கிழமை வாங்க வந்த குமாஸ்தா வாயைப் பிளந்தார்.

"ஆகா! அழைப்பிதழும் இதே நிறத்துலதான் அச்சடிச்சிருக்கோம். எப்படிம்மா பொருத்தமா அமைஞ்சுது?"

"சாயம்ங்க அது. ஒட்டும்."

"அவ்வளவு தன்னடக்கம் கூடாதும்மா," என்றார் குமாஸ்தா.

விழா நாள் வந்தது. அது சித்திரை வெயிலுக்குச் சித்தப்பா மாதிரி ஒரு வெயில். கால்வாயின் தூய்மையைக் குறிக்கும்படி எல்லாரும் மேலும் கீழும் வெள்ளை உடுத்தி வர வேண்டும் என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருந்தார். ஐம்பத்தெட்டு அதிகாரிகள் கொக்கு வரிசை மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் இயக்குநர், உறை போட்ட பெரிய நாற்காலியில், பாந்தமாகச் சாய்ந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா, முன்வரிசை உங்களுக்குத்தான்," என்றார் பங்கேற்பு அதிகாரி.

"வேண்டாங்க. நான் நின்னுக்கறேன். நீங்களும் உக்காராதீங்க. மறுபடியும் சொல்றேன், அது ஒட்டும்."

"என்ன மரியாதை பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் நன்றாக அழுந்த உட்கார்ந்தார். வெள்ளையக்காவின் வீட்டுக்காரரையும் உட்காரச் சொன்னார்கள். நின்றே தொழில் செய்து பழக்கம் என்று அவர் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்.

இயக்குநர் பேசத் தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு அறிவிப்பு வந்தது. இயற்கையோடு ஒன்றும் விதமாக அடுத்த ஒரு மணி நேரம் ஃபேனும் ஏ.சி.யும் கிடையாதாம். கதவு ஜன்னலையும், வெளியே கால்வாய் நாற்றம் என்பதால், சாத்திவிட்டார்கள். ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. வெள்ளையக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

இயக்குநர் உட்கார்ந்தபடியே மைக்கைப் பிடித்தார். நல்ல கம்பீரமான குரல்.

"நண்பர்களே! நான் பதவிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் ஒரு குழாயையாவது மூடினேன் என்று யாராவது என்மேல் குற்றம் சொல்ல முடியுமா?" கைதட்டல். "மூடுவது சர்வாதிகாரி வேலை. நான் திறந்த மனதுக்காரன். காது திறந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, குழாயும் திறந்திருக்கிறது!" பலத்த கைதட்டல். "சுத்தமான கால்வாய் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். அதில் என்ன பெருமை? ஒரே ஒரு அழுக்குக் கால்வாயை வைத்துக்கொண்டு இருபத்தெட்டுக் கூட்டம் நடத்திய முகமை வேறு எங்கேயாவது உண்டா? கருத்துகளை நாம் வாங்குகிறோம், அடுக்குகிறோம், கட்டுகிறோம். அலமாரி போதாமல் இப்போது இரண்டாவது மாடியையே அதற்கு ஒதுக்கிவிட்டோம்!"

முப்பது நிமிஷம் பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. கூட்டமே ஊறிப்போய் உட்கார்ந்திருந்தது. ஐம்பதாவது நிமிஷத்தில் விருதை வழங்க எழுந்து, கேடயத்தை எடுப்பதற்காகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

முன்வரிசையில் ஒவ்வொரு கழுத்தும் நீண்டது.

இயக்குநரின் முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அப்பட்டமான கத்தரிப்பூ நிறம். நடுவில் இரண்டு பெரிய வட்டம், அச்சுக் குத்தின மாதிரி தெளிவாக இருந்தது. குமாஸ்தா தன்னையறியாமல் எழுந்து நின்றார். அவருக்குப் பின்வரிசைக்காரர் அவரைப் பார்த்து வாயில் கை வைத்தார். அப்புறம் அவரும் எழுந்தார். அவரைப் பார்த்து அதற்குப் பின்வரிசை. ஆளாளுக்கு முன்னால் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, தங்கள் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார்கள். பத்திரிகைப் போட்டோக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவருக்கு எந்த வரிசையை விட்டு எந்த வரிசையை எடுப்பது என்று கை பரபரத்தது.

"என்னய்யா இது?" என்று இயக்குநர் தன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து அலறினார். "என்ன சாயம் இது? எங்கேர்ந்து வந்துது? யார் காரணம்?"

விருது வாங்குவதற்காக மேடை ஏறியிருந்த வெள்ளையக்காவின் கையில் அப்போதுதான் மைக்கைக் கொடுத்திருந்தார்கள், நன்றி சொல்ல.

"நான் சொல்றேங்க," என்றாள் அவள். "சாயப்பட்டறைக் குழாய்லேர்ந்து வந்துது. உங்க 'பங்கேற்பு முனை'ப் பலகைக்கு நேர் கீழே. நாலு மேஜையில உக்காந்து சொன்னேன். பயிற்சி எடுத்துட்டு வந்து சொன்னேன். கரையில கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். உக்காராதீங்கன்னு இன்னைக்கும் முன்வரிசைகிட்ட நின்னு கரடியா கத்தினேன். எழுத்துலயும் குடுத்திருக்கேங்க." இடுப்பு முடிச்சிலிருந்து பாதிச் சீட்டை எடுத்து நீட்டினாள். "இதோ, பரிசீலிச்சு முத்திரையும் போட்டிருக்கு."

இயக்குநர் சீட்டைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, நாலு வருஷத்தில் முதல்முறையாக, கூட்டம் எதுவும் போடாமல், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"யோவ், சாயப்பட்டறையா? குழாயை மூடுய்யா!"

அந்தப் பக்கத்திலிருந்து "சரிங்க" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். முப்பத்தைந்து நொடி ஆகியிருக்கும். மூன்று மணிக்குக் குழாய் வாயில் சிமென்ட் அடைத்தாகிவிட்டது.

கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றினாள். முதலில் கத்தரிப்பூ, பிறகு இளங்கத்தரிப்பூ, பிறகு ஒருநாள் விடிகாலை வாளியின் அடியிலிருந்த ஓட்டை அடைத்த ஈயம் தெரிந்தது. வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து வாளியை எட்டிப் பார்த்தார். இருபத்தொன்பதாம் தேதி பெரிய நர்ஸம்மா வந்தாள். விரிப்பை நனைத்தாள், தன் வெள்ளைக் கோட்டில் அழுத்தித் தேய்த்தாள், கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து இருநூத்தம்பது அனுப்பறேன்," என்றாள். "பிரசவம் கூடிப்போச்சு."

வெள்ளையக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் பங்கேற்பு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். குழாய் போனதும் அவர் பிரிவும் போய்விட்டது. பலகையில் அடித்த வெள்ளையைச் சுரண்டி, அதே அறையில் அவரைப் புகார்ப் பிரிவு அதிகாரியாக உட்காரவைத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டுக் கால்சட்டையும், இயக்குநருடையதும் சேர்ந்து, பதினைந்தாம் தேதியிலிருந்து அவள் கடையில்தான் மலையாகக் கிடந்தன. கிணறு தெளியாமல் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"அம்மா, தண்ணிதான் தெளிஞ்சிடுச்சே," என்றார் அவர் பணிவாக. "கால்சட்டையெல்லாம் எப்போ கிடைக்கும்? திங்கக்கிழமை ஐயா ஆய்வுக்கு வர்றார். வெள்ளைன்னு எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

வெள்ளையக்கா மலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கல்லாவிலிருந்து ஆரஞ்சு அட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"வாங்க, உக்காருங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தோம். விஷயம் என்னன்னா, நான் சனிக்கிழமைங்கறேன், எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமைங்கறார். ஆழ்ந்த கருத்து வேறுபாடு இருக்கு. இன்னொரு கூட்டம் போட்டுட்டுச் சொல்றோம்."

இஸ்திரி மேஜைப் பக்கமிருந்து, இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.